உதட்டில் காகிதம்

மாதத்தின் முதல் ஞாயிறு, இரவு ஒன்பதரை.
சோலிங்கனில் மழை.
இந்த ஊரில் மழைக்கும் கூர் உண்டு.
கத்தரிக்கோல் ஆலையில் பெட்டி அடுக்கும் எனக்கு
அது புதிதல்ல.

மேசையைத் துடைத்துப் பழைய போர்வையை விரித்து
வாளை வைக்கிறேன்.
இருபத்தாறு மாதச் சீட்டுக்காசு.
கொலோனில் ஏலத்தில் எடுத்தது. அடித்தவன் பெயர் இல்லை.
"இந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வந்திருக்கும்" என்றாள் தேவமலர்.
வந்திருக்கும்தான்.

முதலில் ஒரு துண்டுக் காகிதம்,
உதடுகளுக்கு நடுவே.
மூச்சின் ஈரம் இரும்பில் படக்கூடாது,
எச்சில் தெறிக்கக்கூடாது,
ஆகவே கதைக்கக்கூடாது.

புதன்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில்
எங்களுக்கு வாள் பழக்கும் அன்னெக்ரெட்
பகலில் பல் வைத்தியரின் உதவியாளர்.
என்னைவிட இருபது வயது இளையவள்.
"உருவுவது சுலபம்," என்றாள் முதல் நாள்,
"காகிதத்தை விழவிடாமல் இருப்பதுதான் பாடு."
சிரித்தேன்.
வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்று
அவளுக்கு யார் சொன்னது?

மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்கிறேன். பிடி கழல்கிறது.
உள்ளே ஒளிந்திருந்த அடித்தண்டு
கறுத்துத் துருவேறிக் கிடக்கிறது.
அதைத் தொடாதே என்பது விதி.
அது வாளின் வயது;
தேய்த்தால் வாள் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.
மேலே, வெளிச்சம் படும் பக்கத்திலோ
ஒரு புள்ளித் துருவும் ஆகாது.
ஒரே இரும்பு, இரண்டு நியாயம்.
இது பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

பழைய எண்ணெயை ஒற்றி எடுக்கிறேன்,
அடியிலிருந்து நுனிக்கு. மறுபக்கமாக ஒருபோதும் இல்லை.
பட்டுப் பொட்டலத்தால் தட்டத் தட்ட
குளித்த பிள்ளைக்குப் போடுவதுபோல வெண்பொடி.
துடைத்து, விளக்கருகே சாய்க்கிறேன்.

இருக்கிறது.
நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி
என் வலக்கைப் பெருவிரல்.

மார்ச்சில், ஆலையில் கடிதம் தந்த நாள்
(வேலைநேரம் பாதி, காரணம் நான்கு வரி)
காகிதமும் இல்லாமல் போர்வையும் இல்லாமல்
சும்மா உருவினேன்.
யாரையும் வெட்ட அல்ல, யாரிடமாவது கத்த.
சுவர்தான் கிடைத்தது.
கத்திக்கொண்டே அலகின் தட்டையில் விரலை அழுத்தியிருக்கிறேன்.
மூன்று வாரத்தில்
ரேகை ரேகையாய்ப் பழுப்பு முளைத்தது.

தொண்ணூற்றொன்றில், டுசல்டோர்ஃப் அலுவலகம் ஒன்றில்
பத்து விரலையும் மையில் உருட்டினார்கள்.
எந்த அலுமாரியில் கிடக்கிறதோ அந்தத் தாள்.
இது என் வீட்டுப் பிரதி.

அரத்தாள் வாங்கிக்கொண்டு போனேன்.
அன்னெக்ரெட் அதைப் பறித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.
"தேய்க்காதீர்கள். எண்ணெய் போடுங்கள்.
அடுத்த மாதம் பாருங்கள். வளராவிட்டால் போதும்."
ஆறு மாதமாய்ப் பார்க்கிறேன்.

புது எண்ணெய், இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு.
கூடினால் உறைக்குள் வடிந்து தூசி திரட்டும்.
கிராம்பு மணம்.
"பல்லுக்குப் போடுற எண்ணெயெல்லே?"
கதவு நிலையில் சாய்ந்தபடி தேவமலர்.
பிறகு தொடங்கினாள்:
வாடகை ஏறிவிட்டது;
மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டு லைப்ஸிக் போகப்போகிறாள்;
எனக்குச் சொல்லப் பயந்து தன்னிடம் சொன்னாள்;
நாலு மாதமாய்த் தனக்குத் தெரியும்.

பதில் தொண்டை ஏறி வந்து பல்லில் முட்டியது.
உதட்டில் காகிதம்.
கையில் எண்ணெய்த் துணி, பாதி வாள் இன்னும் காய்ந்தபடி.
நடுவில் விட முடியாது.

அவள் சொல்லி முடித்தாள்.
இருபத்துமூன்று வருடத்தில்
அவளுடைய பேச்சொன்று முற்றுப்புள்ளிவரை போய்ச் சேர்ந்ததை
இன்றுதான் கேட்டேன்.

பிடியைப் பூட்டி, ஆணியை இறக்கி,
கூர் மேல்நோக்க உறையில் இட்டேன்.
காகிதத்தை எடுத்தேன். நனைந்திருந்தது,
இரண்டு பல்லின் தடத்தோடு.

"லைப்ஸிக்கில எங்க தங்கப்போறாளாம்?"

பழைய ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு நின்றது.
அவள் கதிரையை இழுத்தாள்.